வேலை உண்டு, வேலை தருபவர் யார்?

மாணவர் சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்க்கத் துறை ஆசிரியர்களாகிய நாமும் அமர்வது வழக்கம். பெயர், பிறந்த நாள், மதிப்பெண் எனக் கண் ஓடிக்கொண்டே வரும். 'பெற்றோர் தொழில்' என்னும் கட்டத்தில் மட்டும் அது சற்று நிற்கும். தந்தைக்கு எதிரே 'கூலி', 'வியாபாரம்', 'வெளிநாடு' என்னும் மூன்றனுள் ஒன்று பெரும்பாலும் இருக்கும். தாய்க்கு எதிரே ஒரு சிறு கோடு இருக்கும். அல்லது 'இல்லை' என்றிருக்கும். சென்ற சேர்க்கையின்போது ஒரு மாணவி தம் தாயின் தொழில் என்னும் இடத்தில் 'வேலை இல்லை' என எழுதியிருந்தார். சற்று நேரத்தில் கட்டணம் செலுத்தப் பணத்தை எடுத்தார். அத்தனையும் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள். எண்ணி முடிக்க நேரமாயிற்று. "உம்மா பீடி சுற்றிச் சேர்த்தது, ஐயா" என்று, மன்னிப்புக் கேட்பவர் போலச் சொன்னார்.

அம்மாணவி பொய் எழுதிவிடவில்லை. நம் பேச்சு வழக்கே அப்படி அமைந்துள்ளது. விடியுமுன் எழுந்து, அடுப்படி வேலைகளை முடித்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு இரவு வரை இலை சுருட்டும் பெண்ணைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்கிறோம். தமிழ்த் துறையார் ஆதலின் ஈண்டு ஒரு சொற்குறிப்பும் தரத் தோன்றுகிறது. காப்பியங்களில் 'வேலை' என்னும் சொல் கடலையும் கடற்கரையையும் குறித்து வரும். அவ்வளவு அகன்ற சொல், இன்று யாரேனும் ஒருவருடைய சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பது என்னும் பொருளுக்குச் சுருங்கிவிட்டது. உழைப்பு வேறு, வேலை வேறு என்று நாமே பிரித்து வைத்துவிட்டோம்.

வளரும் நாடுகளின் நிலை பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 'வேலையில்லாத் திண்டாட்டம்' என்னும் தொடர் முந்திக்கொண்டு வருகிறது. பட்டிமன்றம் முதல் பட்டமளிப்பு விழா வரை அதுவே பேச்சு. நாம் அதை மறுக்க வரவில்லை. ஆயினும் நம் நாட்டில் வேலைக்கு உள்ள பஞ்சத்தினும் பெரிய பஞ்சம் ஒன்று உண்டு என்பது நம் கருத்து. 'இவர் என்னிடம் வேலை செய்கிறார்' என்று வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் ஆளுக்குத்தான் அந்தப் பஞ்சம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நடுவண் அரசின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு 2017 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. அதன் 2023-24 ஆம் ஆண்டு அறிக்கைப்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரிடையே வேலையின்மை நூற்றுக்கு 3.2. இவ்வளவுதானா என்று வியக்கத் தோன்றும். எண்ணில் பிழை இல்லை. எண்ணும் முறையில்தான் செய்தி இருக்கிறது. ஆண்டில் முப்பது நாள் ஏதேனும் ஒரு பணியைத் துணைத் தொழிலாகச் செய்தவரும் வழக்கமான நிலைக் கணக்கில் வேலையுடையவரே. வாரக் கணக்கிலோ, ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்தாலே போதும். அண்ணன் கடையில் கூலியின்றி நிற்கும் தம்பியும், கணவரின் வயலில் களை பறிக்கும் மனைவியும் இக்கணக்கில் வேலை உடையவர்களே.

இக்கணக்கு இத்துணைச் சிறிதாக இருப்பதற்குக் காரணம் எளிது. ஏழைக்கு வேலையில்லாமல் இருக்கக் கட்டுப்படியாகாது. வேலையற்றோர்க்கு அரசு உதவித்தொகை தரும் நாடுகளில் ஒருவன் ஏற்ற வேலை கிடைக்கும்வரை காத்திருக்கலாம். இங்கே அடுத்த வேளை உலை வைக்க வேண்டும். ஆகவே எது கிடைக்கிறதோ அதைச் செய்தே தீர வேண்டும். காத்திருக்க முடிந்தவர் யார்? குடும்பம் தாங்கிப்பிடிக்கும் படித்த பிள்ளைகள்தாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் தில்லியிலுள்ள மனிதவள மேம்பாட்டு ஆய்வு நிறுவனமும் இணைந்து 2024 இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது. 2022 ஆம் ஆண்டில் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை நூற்றுக்கு 3.4, பட்டதாரி இளைஞரிடையே 29.1. இதை மேலோட்டமாகப் பார்ப்பவர், 'படித்தால் வேலை கிடைக்காது. படிக்காதவனுக்கு எளிதில் கிடைக்கிறது' என்று எண்ணிவிடக் கூடும். அப்படிச் சொல்லிப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியவர்களை நாம் அறிவோம். அந்த எண் சொல்வது அதுவன்று. முன்னவர் கிடைத்ததைப் பற்றிக்கொண்டார். பின்னவர் இன்னும் மறுத்துக்கொண்டிருக்கிறார்.

மேலை நாட்டில் பிறந்த வேலையின்மை என்னும் கருத்து தெற்காசியாவுக்கு அப்படியே பொருந்தாது என்று சுவீடன் நாட்டுப் பொருளியல் அறிஞர் குன்னர் மிர்தால் 1968 இல் வெளியிட்ட தம் பெருநூலில் எடுத்துக்காட்டினார். ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் கீத் ஹார்ட் என்னும் மானிடவியலார் அக்ரா நகரின் குடிசைப் பகுதியில் தங்கி ஆராய்ந்தார். அங்கே 'வேலையற்றோர்' எனக் கணக்கிடப்பட்டவர்கள் நாள் முழுவதும் ஏதேனும் ஒன்றைச் செய்து பிழைப்பதைக் கண்டார். 1970களின் தொடக்கத்தில் அவர் வழங்கிய சொல்லையே 1972 இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கென்யா பற்றிய அறிக்கையில் எடுத்தாண்டது. அமைப்புசாராத் தொழில் என்று இன்று நாம் சொல்வது அதனைத்தான்.

நம் நாட்டில் இதனை முழுமையாக ஆராய 2004 இல் அர்ஜுன் சென்குப்தா தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. 2004-05 இல் இந்நாட்டில் உழைப்போர் ஏறத்தாழ 45 கோடியே 70 இலட்சம் பேர் என்றும், அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர் எவ்விதப் பணிப் பாதுகாப்பும் அற்றவர் என்றும் அவ்வாணையம் கண்டது. அதனினும் நம்மைச் சிந்திக்க வைப்பது அது கூறிய மற்றொரு செய்தி. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் அமைப்புசார்ந்த நிறுவனங்களில் கூடுதலாகக் கிடைத்த வேலைகளும் பாதுகாப்பற்ற வேலைகளாகவே இருந்தன. ஆலை பெரியது, பெயர்ப் பலகை பெரியது, உள்ளே நிற்பவருக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. இன்றும் வேளாண்மை அல்லாத துறைகளில் மாதச் சம்பளம் பெறுவோருள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எழுத்து வடிவிலான ஒப்பந்தம் இல்லை என்றே 2023-24 ஆம் ஆண்டு ஆய்வும் கூறியது.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நெல்லை, தென்காசி வட்டாரத்து ஊர்களில் எந்தத் தெருவிலும் நுழைந்து பார்க்கலாம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளிலிருந்து இலை வருகிறது. தூள் கர்நாடகம், குஜராத் பக்கமிருந்து வருகிறது. இரண்டும் கடைக்கு வந்து சேரும். கடை என்பது விற்பனைக் கடையன்று. இலையும் தூளும் அளந்து கொடுத்து, சுற்றிய பீடியைத் திரும்ப வாங்கும் இடம். பெண்கள் இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்துக் கத்தரித்து, தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கிக் கட்டுகளாக அடுக்கிக் கொண்டு செல்வர். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. ஆயிரம் சுற்ற ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் போதும் என்று சொல்வர். அந்த ஒரு நாளில் பள்ளி விட்டு வந்த மகளின் இரண்டு மணி நேரமும் அடங்கியிருப்பதை யாரும் சொல்வதில்லை.

கடையில் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். சரியில்லை என்று சிலவற்றைக் கழிப்பார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை நைந்ததாகவோ கிழிந்ததாகவோ இருந்தால் எண்ணிக்கை குறையும். குறைவை ஈடுகட்டக் கைக்காசு போட்டு இலை வாங்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே, அப்பெண்ணின் முதலாளி யார் என்று கேட்டுப் பாருங்கள். கட்டின் மேல் ஒட்டும் சீட்டில் கம்பெனியின் பெயர் உண்டு. கம்பெனியோ 'நாங்கள் கடைக்காரரிடம் பீடி வாங்குகிறோம்' என்னும். கடைக்காரரோ 'நான் கம்பெனிக்கு முகவர். இவர்கள் தாமாக வந்து இலை வாங்கிச் செல்கிறார்கள்' என்பார். இருவருக்கும் நடுவே அந்தப் பெண் தானே முதலாளி, தானே தொழிலாளி ஆகிவிடுகிறார்.

இந்த வாய்ப்பேச்சு புதிதன்று. ஆலைச் சட்டத்துக்கு அஞ்சிப் பணிக்கூடங்களைக் கலைத்து வீடுகளுக்கு வேலையைப் பிரித்தனுப்பிய காலந்தொட்டு வருவது. சென்னை மாநிலம் 1958 இலேயே பீடித் தொழிற்கூடங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966 இல் வந்தது. வீட்டில் இருந்து சுற்றுபவரும் தொழிலாளரே என்று அது சொல்லிற்று. கழிவுக்கும் விதிகள் வரம்பு வைத்தன. உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 1974 இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுறுதி செய்தது. பின்னர் 1977 இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பீடித் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டபோது மீண்டும் வழக்கு. வீட்டில் சுற்றுபவர் எப்போது சுற்றுகிறார், எப்படிச் சுற்றுகிறார் என்று நாங்கள் மேற்பார்ப்பதில்லை. ஆகவே அவர் எங்கள் பணியாளர் அல்லர் என்பது வாதம். 1985 இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுற்றி வந்த பீடியைக் கழிக்கும் உரிமை உன் கையில் இருக்கிறதன்றோ? அதுவே மேற்பார்வை, அதுவே நீ முதலாளி என்பதற்குப் போதிய சான்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை நம் மாணவர்கள் மறத்தலாகாது. முதலாளி யார் என்னும் கேள்விக்கு இதனினும் எளிய விடையை நாம் கண்டதில்லை. கழிப்பவர் எவரோ, அவரே முதலாளி.

தீர்ப்பால் விளைந்த பயன் சிறிதன்று. பெயர் பதிந்து பாஸ் புத்தகம் பெற்ற பெண்ணுக்கு வைப்பு நிதி உண்டு, ஓய்வூதியம் உண்டு. குறைந்த அளவு ஓய்வூதியம் 2014 இல் ஆயிரம் ரூபாய் என வரையறுக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் என்ன பெரிய தொகை என்று நகரத்தார் கேட்கலாம். மகன் முகத்தைப் பார்த்து மருந்துக்குக் காசு கேட்க வேண்டியிராத ஒரு மூதாட்டியைக் கேட்டால் அவர் விடை சொல்வார். 1976 இல் ஏற்பட்ட நலநிதியிலிருந்து பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வந்தது. அந்நிதிக்கான தீர்வை 2017 இல் சரக்கு, சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டதாயினும் உதவித்தொகை தொடர்ந்தது. அதைப் பெற்றுப் படித்தவர்கள் நம் ஊர்களில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கின்றனர். ஆனால் பாஸ் புத்தகம் பெற்றவர் எத்தனை பேரோ, பெறாமல் அருகில் அமர்ந்து சுற்றியவர் அதற்குக் குறைந்தவர் அல்லர். ஒருவர் பெயரில் உள்ள கார்டில் மூவர் சுற்றுவர். கூலி மூவருக்கும், சான்று ஒருவருக்கு.

பீடித் தொழில் நிலைத்து ஓங்க வேண்டும் என்று நாம் வாதிடுவதாக யாரும் கருத வேண்டா. புகைப்பவர்க்கும் தீங்கு, நாள் முழுதும் அத்தூளை மூச்சில் இழுப்பவர்க்கும் தீங்கு. அத்தொழில் ஒருநாள் ஓயத்தான் வேண்டும். ஓயும் நாளில் மாற்றுத் தொழிலும் இழப்பீடும் யாருக்குக் கிடைக்கும்? பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. நாற்பது ஆண்டு சுற்றியும் பெயரில்லாதவர், தொழில் இருந்தபோதும் இல்லாதவர். தொழில் போனபோதும் இல்லாதவர்.

வடக்கே பாலாற்றங்கரைக்குச் சென்றாலும் கதை இதுவே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழில் நம் சமுதாயத்தவர் பலருக்குச் செல்வமும் பெயரும் தந்தது. கல்வி நிலையங்கள் எழவும் காரணமாயிற்று. அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு 1970களில் கட்டுப்பாடு விதித்தபின், முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் ஆலைகள் பெருகின. அதுவரை ஆடவரே நின்ற இடத்தில், தையற் பொறிகளுக்கு முன்னே பெண்கள் வந்து அமர்ந்தனர். இன்று இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருப்பது நாம் பெருமைப்படத் தக்கது. ஆயினும் காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை ஆலைச் சுவரைத் தாண்டி வீடுகளுக்குப் போகிறது. இணைக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசி, இடைத்தரகர் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். சுளகுக்குப் பதில் ஊசி. பீடிக்குப் பதில் காலணி. ஐரோப்பியக் கடைவீதியில் அக்காலணியை வாங்குபவர், அது தைக்கப்பட்ட திண்ணையை அறியார். ஆலை உரிமையாளரும் தைத்தவரின் பெயரை அறியார் என்பதே நமக்கு வருத்தம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய சட்டங்கள் இருபத்தொன்பது அவற்றுள் அடங்கிவிட்டன. 1966 ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டமும் அவற்றுள் ஒன்று. பணியாளர் ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது புதிய தொகுப்பின் விதி. வேலைநிறுத்த உரிமை, ஆட்குறைப்பு முதலியவற்றில் இத்தொகுப்புகள் தொழிலாளர்க்குப் பாதகம் செய்கின்றன என்னும் தொழிற்சங்கத்தார் வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். அந்த வழக்கு அங்கே நடக்கட்டும். நியமனக் கடிதம் என்னும் அந்த ஒரு விதியையேனும் இன்றே நாம் பற்றிக்கொள்ளலாம். யார் கையொப்பமிடுகிறாரோ அவர் முதலாளி ஆகிவிடுகிறார். பின்னர் அவர் நழுவ முடியாது.

நழுவும் கலையோ நாளுக்கு நாள் வளர்கிறது. நம் மாணவர்கள் சிலர் மாலையில் கைப்பேசிச் செயலி வழியே உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் பணிக்குச் செல்கின்றனர். வண்டி அவர்களுடையது, எரிபொருள் அவர்களுடையது, விபத்தும் அவர்களுடையது. நிறுவனம் அவர்களைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை; 'பங்காளி' என்கிறது. ஊர்ப் புறத்தில் பங்காளி என்றால் சொத்தில் பாதி கேட்பவன் என்று பொருள். இந்தப் பங்காளிக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் இடும் விண்மீன் குறைந்தால் செயலி அவரை விலக்கிவிடுகிறது. கடைக்காரர் கட்டைப் பிரித்துக் கழித்தாரே, அதே கழிவுதான் இது. 1985 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் விடை தெளிவாக இருக்கிறது. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்போ அவர்களை வழக்கமான முதலாளி, தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர் என்றே வரையறுத்தது. ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நிறுவனங்கள் நலநிதிக்குத் தர வேண்டும் என அது சொன்னது நன்று. தமிழ்நாட்டில் 2023 இல் அவர்களுக்கென ஒரு நலவாரியமும் அமைந்தது. நலம் கிடைக்கும் வழி திறந்தது. முதலாளி என்னும் பெயரை ஏற்கத்தான் இன்னும் ஆளில்லை.

வளைகுடா நாடுகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே நிலை நேர்மாறு. பொறுப்பாளரான 'கஃபீல்' பெயர் இல்லாமல் அந்நாடுகளுள் நுழையவே முடியாது. அவருடைய இசைவின்றி வேறிடம் மாறவும் நெடுங்காலம் முடியாதிருந்தது. கத்தார் 2020 இல் அக்கட்டினைத் தளர்த்தியது. இங்கே முதலாளி அகப்படாமல் தவிக்கிறோம்; அங்கே முதலாளியின் பிடி அகலாமல் தவித்தோம். ஆயினும் பாலைவெயிலை எண்ணாது நம் பிள்ளைகள் விமானம் ஏறியதற்குச் சம்பளம் மட்டுமே காரணம் என்று நாம் நினைக்கவில்லை. கையில் ஒரு தாள் இருந்தது. அதில் வேலையின் பெயர் இருந்தது. பெண் கேட்கப் போகும்போது சொல்ல ஒரு விடை இருந்தது.

இதே கண்ணோடு அரசுப் பணிக்கான ஏக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதியில் 7,301 இடங்களை அறிவித்தபோது ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். 'இளைஞர்க்கு உழைக்க மனமில்லை. நாற்காலி வேலைக்கே காத்திருக்கிறார்கள்' என்று நம் பெரியோர் மேடைதோறும் கடிந்து வருகின்றனர். வணங்கி ஒன்று சொல்வோம்: அவர்கள் தேடுவது நாற்காலியை அன்று, நியமனக் கடிதத்தை. இந்நாட்டில் எழுதிக் கொடுத்து வேலை தரும் முதலாளி எனப் பொதுமக்கள் நம்புவது அரசு ஒன்றையே. நம் கடைகளும் ஆலைகளும் எழுதிக் கொடுக்கட்டும். பிறகு யார் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

இவ்வளவும் எழுதிய பின் நம் சொந்த வீட்டைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. நாடெங்கும் உள்ள சுயநிதிப் பிரிவுகளில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் தொகுப்பூதியத்தில் பணியாற்றுகின்றனர். ஏப்ரலில் முடிந்து சூனில் மறுபடி தொடங்கும் பணி அது. இடைப்பட்ட கோடையில் அவர்கள் யாருடைய பணியாளர் என்று கேட்டால் விடை இல்லை. வேலையின்மை பற்றி வகுப்பெடுப்பவரே அந்த விடுமுறையில் வேலையற்றவர். விழா மலரில் இதை எழுதுவது முறையோ என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வேறெங்கே எழுதுவது?

சமுதாயப் பெரியோரிடம் நாம் கேட்பது கொடையன்று. உழைத்தவர் கூலியைத் தாமதியாது கொடுக்கச் சொல்லும் நபிமொழி நம் மேடைகளில் ஒலிக்கும்போதெல்லாம் அவையோர் தலையசைக்கின்றனர். கொடுக்க வேண்டியவர் எவர் என்பது முதலில் தெரிந்தாக வேண்டுமே. ஆலையும் கடையும் வைத்திருப்போர் தம்மிடம் இருந்து பொருள் பெற்று வீட்டிலிருந்து உழைப்போரின் பெயரை ஒரு பேரேட்டில் எழுதி வைக்கட்டும். இடைத்தரகரிடம் 'யாரிடம் கொடுக்கிறாய்?' என்று ஒரு முறை கேட்கட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகம். எழுதிய பின் வைப்பு நிதியும் விபத்துப் பொறுப்பும் வந்துவிடுமே என்னும் அச்சம்தான் எழுதவிடாமல் தடுக்கிறது என்பதை நாம் அறியாமல் இல்லை. அந்த அச்சம் நியாயமானதே. ஏனெனில் அவை உண்மையிலேயே அவர்களுடைய பொறுப்புகள்.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. கோடை விடுமுறையில் தத்தம் தெருவில் வீடு வீடாகச் சென்று யார் என்ன வேலை செய்கிறார், யாருக்காகச் செய்கிறார், கார்டு யார் பெயரில் உள்ளது என்று எழுதி வருமாறு இவ்வாண்டு அவர்களிடம் கேட்டிருக்கிறோம். தொழிற்சொற்களைத் தொகுப்பது தமிழ்த் துறையின் வேலைதான். அச்சொற்களுக்குப் பின்னே உள்ளவர்களைத் தொகுப்பதும் நம் வேலையே எனக் கொண்டோம்.

அதற்கு முன்னோட்டமாகத் துறைக்கென ஒரு பதிவேடு வைத்தோம். அதில் 'தாய் செய்யும் வேலை' என்று ஒரு கட்டமும், 'வேலை தருபவர்' என்று அடுத்து ஒரு கட்டமும் இட்டோம். முன்பு சொன்ன அந்த மாணவியை அழைத்து எழுதச் சொன்னோம். முதற் கட்டத்தில் 'பீடி சுற்றுதல்' என்று தயங்காமல் எழுதினார். இரண்டாவதில் பேனா நின்றது. "ஐயா, கடைக்காரர் பெயரா, கம்பெனி பெயரா?" என்றார். பாஸ் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதலாம் என்றோம். "கார்டு மாமி பேரில இருக்கு, ஐயா. உம்மா பேரில எதுவும் இல்ல" என்றார். அந்தக் கட்டம் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது.